கண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது கையும் நடுங்குகிறது, ஞாபகமும் முன்போல் இல்லை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவிவிடுகிறது. நம் தெரு நூலகத்து மலருக்காக, மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று பிள்ளைகள் வந்து கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள் நான். அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாவைப் பற்றி நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் அவர் நர்சம்மா. முதுகுக்குப் பின்னால் 'கெயினு' என்பார்கள். "கெயினு வந்துச்சா?" "கெயினு டீ குடிச்சிகினு கீது." பெயரைக் கேட்க எனக்கு வெட்கம். கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்தே காலம் போய்விட்டது.

மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்த சமயம் அது. ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து. என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். கறுப்பு என்றால் நல்ல கறுப்பு. சிரித்தால் ஈறு தெரியும். இடது மணிக்கட்டில் ஆம்பிளை வாட்ச் ஒன்று தொளதொளவென்று தொங்கும். அது அவர் அப்பாவுடையது, ஹார்பரில் வேலை பார்த்தவர் என்று யாரோ சொன்னார்கள். அந்த வாட்ச் எப்போதும் வேகமாக ஓடும்.

"ரிப்பேருக்குக் குடுக்கக்கூடாதா நர்சம்மா?" என்று டீக்கடைக்காரர் கேட்டால், "எதுக்கு? மத்தவன் வாட்ச்சு தூங்கிகினு கீது. என்துதான் தெனம் கொஞ்சம் கெயின் பண்ணுது. ஒரு தபா கூட நான் பஸ்ஸ உட்டதில்ல தெரியுமா" என்பார்.

எதற்கும் அந்த ஒரு சொல்தான் அவரிடம். நர்சு படிப்பு சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார மதர் ஒருத்தர், ஒவ்வொரு குழந்தையை எடை போடும்போதும் அந்தச் சொல்லைச் சொல்வாராம். அது இவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் குழந்தையை விட்டு வெளியே வந்து ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மழை பெய்து கிணற்றில் தண்ணீர் மேலே வந்தால் கிணறு கெயின். காய்ச்சலில் கிடந்த கிழவர் எழுந்து ஒரு வாய் கஞ்சி குடித்தால் தெம்பு கெயின். வேலைநிறுத்தம் செய்த ஆட்களுக்குப் போனஸ் கிடைத்தது என்றால், "பரவால்ல, கெயின் பண்ட்டாங்க." எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டு வருகிற கட்டுமரத்தைக் கரையிலிருந்து பார்த்து, "வர்றான் பாரு, கொஞ்சம் கொஞ்சமா கெயின் ஆவுறான்" என்பார். உருப்படாத காரியம் எதையாவது யாராவது செய்தால், "இதுல உனுக்கு இன்னா கெயினு, சொல்லு பாக்கலாம்" என்று இடுப்பில் கை வைத்து நிற்பார்.

நான் ஒரு தடவை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"நேத்து இருந்ததவிட இன்னிக்குக் கொஞ்சம் கூட இருந்தா அது கெயினு. அவ்ளோதான் தங்கச்சி. எது கூடுதுன்றது அப்பால."

என் மாமியார் டோல்கேட் பக்கம் கூடை தூக்கிப் போய் மீன் விற்கிறவர். வாய்க்காரி. என் புருஷனின் வலையில் விழுவதை விற்றுத்தான் எங்கள் சாப்பாடு. நர்சம்மா சில நாள் எங்கள் வாசலிலேயே கவலை மீன் வாங்குவார். கூறு கட்டி வைத்ததற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொள்வார்.

"இன்னாம்மே இது, கேக்காம அள்ற?"

"கெயினு ஆயா."

"உனுக்குக் கெயினு. எனுக்கு?"

"எனுக்கு மீனு கெயினு, உனுக்கு நானு கெயினு. வேற யாரு உன் மூஞ்சிய பாத்துகினு இவ்ளோ நேரம் நிப்பாங்க?"

மாமியார் திட்டிக்கொண்டே இன்னும் ரெண்டு மீன் போடுவார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் குப்பத்துக்கு முன்னால் ஒரு தென்னை வரிசை இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது அதற்கு அப்பாலும் மணல் இருந்தது, பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். பிறகு மணல் போய்த் தென்னை வேர்கள் அலையில் ஆட ஆரம்பித்தன. நர்சம்மா அங்கே நின்று ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். "கடலு கெயின் பண்ணிகினு கீது தங்கச்சி" என்றார். சிரிக்கவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் சிரிப்பில்லாமல் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

இனி என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவள் என் முதல் குழந்தை. மாதம் நிறையாமல் பிறந்தவள். முறத்தில் போட்டால் முறம் பெரிதாகத் தெரிந்தது. நர்சம்மாவுக்கு ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு அறை கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை தோறும் அங்கே குழந்தைகளை எடை பார்ப்பார். எடை ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் பால் பவுடர் டின் கொடுப்பார். டின் வருவதே கொஞ்சம், ஏறுகிற குழந்தைக்குக் கிடையாது. டின் குடித்தும் ஏறாவிட்டால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். இதுதான் ஏற்பாடு.

ஆனால் குழந்தையைக் கொண்டுபோக யாருக்கு மனசு வரும்? உத்தரத்தில் இரும்புக் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங் தராசு, தராசில் தொங்குகிற துணி. முதல் நாள் பார்த்ததுமே என் மாமியார் வாசலில் நின்றுவிட்டார்.

"சுறாவ மாட்டுற கொக்கில என் பேத்திய மாட்டுவியா நீ?"

"சுறாவத் தலைகீயா மாட்டுவாங்க ஆயா. நான் தொட்டில்ல போடறேன்."

இன்னொரு சங்கடமும் இருந்தது, அதுதான் பெரிது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து நன்றாக இருக்கிறது, சதை போட்டிருக்கிறது என்று வாய் விட்டுச் சொல்லமாட்டோம். கண்ணு பட்டுவிடும். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைத் தூக்கி, "அய்யோ, எலும்பும் தோலுமா கீதே" என்றுதான் கொஞ்சுவோம். யாராவது தெரியாமல் நல்லது சொல்லிவிட்டால் விளக்கு வைக்கும் நேரத்தில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி அறை நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு எடை ஏறியிருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு ஏறியிருக்கிறது என்று உரக்கச் சொன்னால் எப்படி? வந்த புதிதில் நர்சம்மா அப்படித்தான் சொன்னாராம். தாய்மார்கள் தூ தூவென்று துப்பிவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வியாழன் ஒருத்தரும் வரவில்லை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அந்தச் சொல். "தமிழ்ல சொன்னாத்தான கண்ணு கேக்கும்? நான் கெயினுன்னு சொல்றேன். கண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார். என் மாமியாரிடமும் இதையே சொன்னார். மாமியாருக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பட்டிருக்க வேண்டும். "செரி. ஆனா எல்லார் எதிருலயும் புள்ளைய அவுத்துக் காட்டமாட்டேன். சுத்தின துணியோடதான் மாட்டணும்" என்றார். நர்சம்மா ஒப்புக்கொண்டார். அதேமாதிரி ஒரு துணியைத் தனியாக எடை பார்த்து அதைக் கழித்துக்கொண்டார்.

முதல் சில வாரம் என் பெண்ணுக்கு ஏறவில்லை. டின் கொடுத்தார். பிறகு ஏறியது. "கெயின்" என்றார். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருக்கும். வியாழக்கிழமை காலையிலிருந்தே காது அதற்காகக் காத்திருக்கும்.

ஆனால் ஊரில் ஒரு சொல் எத்தனை நாளைக்கு ஒளிந்திருக்கும்? நர்சம்மா எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிச் சொல்லி, குப்பத்தில் எல்லார் வாயிலும் அது வந்துவிட்டது. கரை ஏறுகிற ஆட்களைப் பார்த்து, "இன்னிக்கு இன்னா கெயினு மாமு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கோலி ஆடுகிற பையன்கள் கூட, "நாலு கோலி கெயினுடா" என்று குதித்தார்கள். ஒரு நாள் குழாயடியில் ஐஸ் கம்பெனிக்காரர் பெண்டாட்டி என் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"உம் பேத்திக்கு நல்ல கெயினாமே? டின்னு பாலு ஷோக்கா வேல செய்யுது."

மாமியார் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எல்லாருக்கும் அர்த்தம் தெரிஞ்சிபோச்சு மே. அப்ப கண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்."

அன்று சாயங்காலம் உப்பு மிளகாய் சுற்றினார். அது போதாது என்று என் புருஷனின் பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகள் சிலவற்றைக் கழற்றினார். வலை அடியில் மூழ்குவதற்குக் கோத்திருப்போமே, அந்த ஈயம். அவற்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பேத்தியின் இடுப்பில் கட்டினார். "இது தெனம் கடலுக்கு அடில போயிட்டு முயுசா திரும்பி வர்ற சாமான். இது கூட இருந்தா இவளுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். மேலே பழைய வேட்டிக் கிழிசலால் வயிற்றுக்கட்டுப் போட்டார். எனக்கும் மனசு நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வியாழன் தராசில் போட்டார்கள். "கெயின்." அன்று சாயங்காலம் மாமியார் இன்னொரு கோவை ஈயம் கட்டினார். அதற்கடுத்த வியாழனும் "கெயின்." இன்னொரு கோவை.

நீங்கள் படித்தவர்கள், இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. எங்களுக்கு அது காப்பு. தாயத்தும் காப்பும் எடையில் சேரும் என்று யார் நினைப்பார்கள்? தினமும் கூடையில் மீனை நிறுத்துப் போடுகிற என் மாமியாருக்கே அது தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நர்சம்மா கெயின் என்று சொல்வார், நாங்கள் பயந்து ஈயம் கட்டுவோம், ஈயம் கட்டியதால் மறுபடி கெயின் வரும். கெயின் வந்ததால் டின் நின்றுவிட்டது. என்னிடம் பால் போதவில்லை. டின் நின்றதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏறுகிறது என்று சொல்கிறார்களே, அப்போது போதுமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை அழுவது குறைந்துகொண்டே வந்தது. சமர்த்தாகிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

அந்த வியாழக்கிழமை நல்ல கூட்டம். நர்சம்மா தராசைப் பார்த்தார், "கெயின்" என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டார். துணியிலிருந்து என் மகளைத் தூக்கித் தம் கையில் வைத்துக்கொண்டார். தொடைச் சதையை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து விட்டார். பிடித்த மடிப்பு அப்படியே நின்றது.

"தராசு கெயினுன்னு சொல்லுது" என்றார். "என் கை இல்லைன்னுதே. இத்த அவுரு தங்கச்சி."

மாமியார் குறுக்கே வந்தார். "அவுக்கக்கூடாதுன்னு பேசிகினுதான வந்தோம்?"

"ஆயா, கம்முனு இரு. அவுரு."

வயிற்றுக்கட்டை அவிழ்த்தேன். கோவை கோவையாக ஈயம். அத்தனையையும் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. இடுப்பு தெரியவில்லை. நர்சம்மா கயிற்றைக் கத்தரித்து எடுத்தபோது ஈயக்குண்டுகள் மேசையில் சடசடவென்று விழுந்தன.

ஐஸ் கம்பெனிக்காரர் பெண்டாட்டி சிரித்தாள். "மீனு விக்கிறவ புத்தி எங்க போவும்? பேத்திய நிறுக்கறதுலயும் ஈயத்த வச்சிட்டா."

நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். எடையில் ஏமாற்றுகிறாள் என்பதைவிட மீன்காரிக்கு வேறு அவமானம் கிடையாது. என் மாமியார் டோல்கேட்டில் ஒருத்தரிடமும் அந்தப் பேச்சு வாங்கினவரில்லை. எந்தச் சொல்லுக்கும் ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவர், அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த ஈயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நர்சம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துத் திரும்பினார். "இன்னாத்துக்குச் சிரிக்கிற? ஏமாத்தணும்னா கெயின் இல்லாத மாதிரி காட்டி டின்னு வாங்கிகினு போயிருக்கும். கெயின் காட்டி ஆயாவுக்கு இன்னா கெயினு? சொல்லு. கட்ட அவுக்காம நிறுத்தது நானு. இத்தினி வாரமா ஈயத்துக்குக் கெயினு போட்டுகினு இருந்தவ நானு. சிரிக்கிறதுன்னா என்னப் பாத்துச் சிரி."

அப்புறம் குழந்தையை வெறுமே தராசில் போட்டார். முள் எங்கே நின்றது என்று எங்களிடம் சொல்லவில்லை. வாட்சைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு டைம் கீது. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே."

அப்போதுதான் மாமியாருக்கு வாய் வந்தது. "முடியாது. அங்க போனா திரும்பாது. என் மூத்தவன் போனான், திரும்பல. நான் குடுக்கமாட்டேன்."

என் புருஷனுக்கு ஒரு அண்ணன் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். மாமியார் பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. பேசவும் வராது.

நர்சம்மா சண்டை போடவில்லை. மேசையில் கிடந்த ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு அதில் எல்லாவற்றையும் மறுபடி கோத்தார். சேலையைக் கொஞ்சம் தளர்த்தி அந்தக் கயிற்றைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டார், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில்.

"இது கடலுக்கு அடில போயிட்டுத் திரும்பி வர்ற சாமான், இல்ல ஆயா?"

மாமியார் தலையாட்டினார்.

"அப்ப இது எங்கூட வரட்டும். நான் புள்ளகூடவே இருக்கேன். வெயிட்டு என் மேல, காவலு அவ மேல. நீயும் வா. எந்த வூட்டுக் கண்ணு வந்தாலும் மொதல்ல என்னத் தாண்டித்தான் போவணும்."

மாமியார் அவர் இடுப்பைப் பார்த்தார். பிறகு பிள்ளையை என்னிடம் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனபோது பஸ் இன்னும் வரவில்லை, அந்த வாட்ச் அத்தனை முந்தி ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் நிழல் விழும்படி நர்சம்மா எனக்கு முன்னால் நின்றுகொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவர் இடுப்பில் ஈயமும் சாவியும் உரசிச் சத்தம் கேட்டது. மாமியார் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெளிவாக ஞாபகமில்லை. மூக்கில் குழாய் வைத்துப் பால் விட்டார்கள். நர்சம்மா வேலை முடித்துவிட்டுத் தினமும் வருவார். வந்ததும் முதல் காரியமாக இடுப்பைத் தட்டிக் காட்டுவார், சலசலக்கும். மாமியார் அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு நாள் என் மகள் பசியில் வீல் என்று அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். நர்சம்மாவுக்குத்தான் முகமெல்லாம் ஈறு. "தொண்ட கெயினு" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் வியாழக்கிழமை. போகவே கூசியது. மாமியார்தான், "வா மே, போலாம்" என்றார். அறைக்குள் போனதும் தாமாகவே வயிற்றுக்கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். நர்சம்மா இடுப்பிலிருந்து ஈயக் கயிற்றை எடுத்து மாமியார் கையில் வைத்து, "தராசுக்கு நேரா கீய நில்லு ஆயா. நீ கையில வச்சிகினு நின்னா போதும். காவலுக்குக் காவலும் ஆச்சு, வெயிட்டும் இல்ல" என்றார். மாமியார் அப்படியே நின்றார். என் மகள் ஒட்டுத்துணி இல்லாமல் மேலே காலை உதைத்துக்கொண்டு தொங்கினாள். எல்லாரும் நர்சம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் முள்ளைப் பார்த்தார். முகத்தைச் சுருக்கிக்கொண்டார். அறை முழுக்கக் கேட்கும்படி, "இன்னாம்மா இது, இளைச்சிகினே போவுது. எலும்புதான் கீது" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. அப்போது அவர் கை என் கையைப் பிடித்தது. கட்டைவிரலால் என் உள்ளங்கையில் அழுத்தி ஒரு திருகு திருகினார். அழுத்தமாக, வலிக்கும்படி. அவர் கண்ணைப் பார்த்தேன். புரிந்தது. நானும் அதேமாதிரி மாமியாரின் இன்னொரு கையைப் பிடித்து உள்ளங்கையில் கட்டைவிரலால் அழுத்தினேன். மாமியார் ஈயத்தைப் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்த்தவர்கள் பிள்ளை இளைத்ததற்காக அழுகிறார் என்று நினைத்து, உச்சுக் கொட்டினார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் பெண்டாட்டி கூட, "உடு ஆயா, தேறிடும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அறையில் அதுவே வழக்கமாகிவிட்டது. வாய் இளைச்சிடுச்சி என்று சொல்லும், விரல் உள்ளதைச் சொல்லும். விரல் அழுத்தாவிட்டால் டின். எல்லாத் தாய்மாருக்கும் இது தெரியும், ஒருத்தரும் வெளியே சொல்லவில்லை. சொல் பரவியதுபோல் அது பரவவில்லை. வயிற்றுக்கட்டோடு எடை பார்ப்பதும் நின்றது.

என் மகள் நடக்க ஆரம்பித்த பிறகு நர்சம்மாவுக்கு மாற்றல் வந்தது. எர்ணாவூர் என்றார்கள், வள்ளூர்ப் பக்கம் என்றும் சொன்னார்கள். போகிற அன்று எங்கள் வாசலுக்கு வந்தார். மாமியார் இருந்ததிலேயே பெரிய வஞ்சிரமாகப் பார்த்து வாழை இலையில் கட்டிக் கொடுத்தார். பிறகு அந்தக் கோவையிலிருந்து ஒரு ஈயக்குண்டைக் கழற்றி, கறுப்புக் கயிற்றில் கோத்து அவர் சாவிக்கொத்தோடு கட்டிவிட்டார்.

"வச்சிக்க. இது திரும்பி வர்ற சாமான்."

"நான் எங்க ஆயா போவப்போறேன், இதோ இங்கதான்" என்றார் நர்சம்மா. வாட்சைப் பார்த்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இருந்தாலும் கிளம்பிவிட்டார். அவருக்கு வீட்டில் யார் இருந்தார்கள், கல்யாணம் ஆனதா, பிள்ளை உண்டா, எதையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை செய்தவருக்கு நன்றி என்று ஒரு சொல் கூட அன்று சொல்லவில்லை. மாமியார் மீன் கொடுத்தார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தெருக்கோடியில் திரும்பும்போது சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

என் மாமியார் ரொம்ப காலம் இருந்தார். என் மகள் பெரியவளாகி, கல்யாணமாகி, மடியில் பிள்ளையோடு வந்து நிற்கும்வரை இருந்தார். கடைசியில் கண் மங்கிவிட்டது. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கையைத் தடவிப் பார்த்து, "இன்னாமே இப்டி இளைச்சிட்ட" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே அவள் உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ரேஷன் கடைக்கு வடக்கே அந்த அறை இருந்ததா தெற்கேயா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதற்கப்பால் கடல். தராசு பவுண்டுக் கணக்கா கிலோக் கணக்கா என்பதும் நினைவில்லை. அந்த இங்கிலீஷ் சொல்லை வாட்சுக்கும் கிணற்றுக்கும் கடலுக்கும் சொல்வது சரிதானா என்று பிள்ளைகள் யாராவது அகராதியில் பார்த்துத் திருத்திப் போடுங்கள். எர்ணாவூர், வள்ளூர்ப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால், சாவிக்கொத்தில் ஈயக்குண்டு கட்டிய ஒரு பழைய நர்சம்மாவை அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். பெயரையும் கேட்டு வாருங்கள்.

அவர் இருந்தால், திருவொற்றியூரில் ஈயம் கட்டிய அந்தப் பெண் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். நாலு பேர் எதிரில் கேட்டாலும் கேட்பார். இளைத்துப்போய்த்தான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.